ஆலை கைமாறினால் தொழிலாளி தெருவுக்கா?



தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் நம்மவர்கள், வரும்போது ஒரு பாக்கெட் பிரெட்டும் வாங்கி வருவதுண்டு. மாடர்ன், ஹார்வெஸ்ட் கோல்டு என்று பெயர்தான் வேறு. இரண்டுக்கும் இன்று முதலாளி மெக்சிகோவின் குரூப்போ பிம்போ.

மாடர்ன், 1965-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். 2000 ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்குகள் சுமார் 105 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவருக்குப் போயின. 2016-ல் அதை முதலீட்டு நிறுவனமான எவர்ஸ்டோன் வாங்கியது, 2021-ல் பிம்போ. ஒவ்வொரு விற்பனையிலும் விலையைப் பற்றியும் பிராண்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரவு ஷிப்டில் அடுப்பு முன் நின்றவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற கணக்கு மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

ஆலையை இன்னொருவருக்கு மாற்றினால் பணித் தொடர்ச்சியும் பழைய சலுகைகளும் காக்கப்பட வேண்டும், இல்லையேல் இழப்பீடு தர வேண்டும் என்றது 1947-ன் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் பங்குகளை விற்றால் இது பொருந்தாது. நிறுவனம் அதேதான், முதலாளி மாறவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். போதாததற்கு, ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பையும் 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக்கிவிட்டார்கள். இது அநியாயம்.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் வேலை பார்த்த ஆலை இப்படித்தான் கைமாறியது. சில மாதங்களிலேயே அவரை அறைக்குள் அழைத்து, பெயர் முதற்கொண்டு நிரப்பி வைத்திருந்த விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நீட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை, தவறினால் வெளிமாநிலத்துக்கு மாற்றல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். என்ன செய்வார்? போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் நின்ற மெஷினில் இப்போது பி.எஃப். கூட இல்லாத காண்டிராக்ட் பையன் நிற்கிறான்.

நிர்வாகம் எந்த வழியில் கைமாறினாலும் அதை முதலாளி மாற்றமாகவே சட்டம் கொள்ள வேண்டும். வேலை குறித்து வாங்குபவர் கொடுத்த உறுதியைத் தொழிலாளர்களின் மொழியில் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். அரசே விற்ற ஏர் இந்தியாவில்கூட ஆட்குறைப்புக்குத் தடை ஓராண்டுதான். இனி கைமாறும் ஆலைகளில் அந்தத் தடையை மூன்றாண்டாக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லட்சுமிபாய் நகர், புது தில்லி.