செல்போனில் கரைந்துபோகும் நியாயங்கள்

திருவண்ணாமலை மாவட்டம் செல்லங்குப்பத்தில் 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தலித் மக்கள் முதல்முறையாக மாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். போலீஸ் காவலுக்கு நின்றது. இதற்குத் தொடக்கம் ஒரு செல்போன் வாக்குவாதம். ஒரே பள்ளியில் படித்து, சென்னையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள். ஒருவர் தலித், மற்றவர் வன்னியர். கோயில் நுழைவு பற்றிச் சமூக வலைதளத்தில் மோதிக்கொண்டார்கள். ஊருக்கு வந்ததும் அது கைகலப்பானது. அதன் பிறகே மனு, அதிகாரிகள், கோயில் நுழைவு எல்லாம்.

செல்போன் வாக்குவாதத்தில் ஒரே காரணம் பத்து முறை திரும்பி வரும். சரியான பதிலை யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். மறுநாள் அது கண்ணில் படாது. மிஞ்சுவது கோபம் மட்டுமே.

இதற்கு ஒரு வழி உண்டு. விவாதத்தைக் கேள்வி, பதில், ஆதரவுக் காரணம், எதிர்க் காரணம் என்று பிரித்து வைக்கும் முறையை 1970இல் ஹோர்ஸ்ட் ரிட்டெல், வெர்னர் குன்ஸ் என்ற இருவர் முன்வைத்தார்கள். நமக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும். நடுவில் கேள்வியை எழுதுங்கள்: 'எல்லோரும் கோயிலுக்குள் போகலாமா?' சுற்றிலும் காரணங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கோடு போட்டுப் பதிலும் ஆதாரமும்.

'இது காலங்காலமான வழக்கம்' என்கிறார்களா? வழக்கம் தடையாகாது என்கிறது 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். 'இது தனியார் கோயில்' என்கிறார்களா? பொது வழிபாட்டுக்கு விட்டிருக்கும் தனியார் கோயிலும் 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். 'அவர்களுக்குத் தனிக்கோயில் இருக்கிறதே' என்கிறார்களா? தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு இல்லை. பட்டியலின மக்களைப் பொதுக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதை, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்வதையும் சொன்னபடியே எழுதுங்கள். வசவும் ஆள் பெயரும் அதில் வேண்டாம்.

இதே மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30இல், சுமார் 80 ஆண்டுத் தடையைத் தாண்டி தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அங்கே பேசப்பட்ட நியாயங்களை அன்றே ஒரு தாளில் வரைந்து பரப்பியிருந்தால், ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு இளைஞர்கள் கையிலும் அது இருந்திருக்கும்.

கல்லூரி மாணவர்களே, அந்தத் தாளை உங்கள் ஊரில் வரையுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோகும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். அடுத்த ஊருக்கும் ஒரு நகல் போகட்டும்.