சித்திரங்களோடு நான்கு ஊர்கள்



போன மாதம் இப்பக்கத்தில் தையல் வேலைகளை விற்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று சகோதரிகள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். “நாங்கள் தைப்பவர்கள் அல்ல, வரைபவர்கள். வரைந்ததை நாலு பேருக்குக் காட்டுவதென்றால் கொழும்பில் மண்டபம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு எங்களிடம் வசதியில்லை. என்ன செய்யலாம்?”

கொழும்புக்குத்தான் போக வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். தலைநகர் மண்டபத்தில் மாட்டினால்தான் அது கண்காட்சி என்று யார் சொன்னது? ரஷ்யாவில் 1870இல் சில ஓவியர்கள் சங்கம் அமைத்து, தங்கள் ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1871இல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய அவர்களது முதற் கண்காட்சி மொஸ்கோவுக்கும் கீவுக்கும் கார்க்கோவுக்கும் பயணம் செய்தது. அவர்கள் ஒரு சங்கமாக இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தனி ஆளாக, சீட்டுக் காசில் இதைச் செய்தார். அவருடைய கதையையே உங்களுக்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறேன்.

புத்தளம் தில்லையடியில் இருக்கிறார். பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய உம்மாவும் வாப்பாவும் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகள் அறிவித்தபோது உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். நம் வாசகிகளில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய கதையல்ல.

தங்கை பிறந்தது புத்தளத்தில். அந்த வீட்டை அவர் கண்டதில்லை. உம்மம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்ததுதான். கிணற்றடி, மாதுளை மரம், மாடத்தில் இருந்த விளக்கு, நீலக் கதவு, கதவுக்கு மேலே எழுதியிருந்த பிஸ்மில்லாஹ். உம்மம்மா மௌத்தான பிறகு இவற்றை ஒவ்வொன்றாக இந்தியன் இங்கிலும் நீர்வண்ணத்திலும் வரையத் தொடங்கினார். அயலில் உள்ள மூத்தவர்கள் தங்கள் வீடுகளையும் சொன்னார்கள். மொத்தம் இருபத்து நான்கு படங்கள். ஒன்றிலும் மனித உருவம் இல்லை.

அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் எங்கெங்கு இருக்கிறார்களோ அங்கெல்லாம் படங்கள் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தில்லையடி, மன்னார் எருக்கலம்பிட்டி, நீர்கொழும்பு பெரியமுல்லை, கடைசியாக யாழ்ப்பாணம். கையில் இருந்தது சீட்டு விழுந்த அறுபதாயிரம் ரூபா.

இங்கே என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் ஆலோசனை கேட்டபோது, “படம் என்றால் கண்ணாடி போட்டு பிரேம் பண்ணினால்தான் மதிப்பு” என்று சொன்னவள் நான். கடையில் விசாரித்தோம். ஒரு பிரேமுக்கு 2,800 ரூபா. இருபத்து நான்குக்குக் கணக்குப் பார்த்தால் 67,200. சீட்டுக் காசு முழுவதும் கண்ணாடிக்கே போய், மேலும் கடன்படவும் வேண்டும். அதன் பிறகு அந்தப் பாரத்தை பஸ்ஸில் யார் தூக்குவது? தங்கை ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தடித்த மட்டை வாங்கி வந்தார். ஒவ்வொரு படத்தையும் மட்டையில் ஒட்டி, நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டார். மட்டைக்கும் கயிற்றுக்கும் கிளிப்புக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். கயிறு கட்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. யாருடைய சுவரிலும் ஆணி அடிக்க வேண்டியதில்லை. இடம் தருபவர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான்.

பொதி கட்டும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலருக்கு உதவும். பிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி இரண்டு தட்டைப் பெட்டிகள் செய்தார்கள். ஒரே பெரிய பெட்டியாகச் செய்திருந்தால் பஸ் கதவால் நுழையாது. படத்துக்குப் படம் இடையில் ட்ரேசிங் தாள். வெளியே பொலித்தீன், அதற்கு மேல் பழைய கட்டில் விரிப்பு. பஸ்ஸில் படுக்கப் போட்டால் யாராவது அதன்மேல் பை வைப்பார்கள். ஆகவே சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, தம்பி பக்கத்தில் நின்றே வந்தார். பிஸ்மில்லாஹ் எழுதிய கதவுப் படத்தை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. கால் படும் இடத்தில் அது இருக்கக் கூடாதென்று உம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

2024 ஜூலையில் தில்லையடியில் ஒரு மத்ரஸா அறையை இரண்டு நாட்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். காலையிலிருந்து அஸர் வரை பெண்கள், அஸருக்குப் பிறகு ஆண்கள். இந்த ஒழுங்கைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்ததால் நிர்வாகத்தினர் மறுகேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒரு பெரியவர் வந்து, “ஆறிய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?” என்றார். தங்கைக்குப் பதில் வரவில்லை. உம்மாதான் சொன்னார்: “காக்கா, நான் ஒவ்வொரு இரவும் அந்த வீட்டுக்குப் போய்த்தான் வருகிறேன். இவள் கீறியதால் புதிதாக ஒன்றும் வரவில்லை.” அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த முதல் நாள் காலையில் நானும் இருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி கிணற்றடிப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, “மகள், இது பிழை. கிணறு வாசலுக்கு வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம்” என்றார். தங்கையின் முகம் சுண்டிப் போயிற்று. மூன்று மாதம் வரைந்த படம்! மற்றவர்கள் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் மறுநாள் நான் போனபோது ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வெற்றுத் தாள் தொங்கியது, நூலில் கட்டிய பென்சிலோடு. “பிழை இருந்தால் எழுதுங்கள், அல்லது கீறிக் காட்டுங்கள்” என்று எழுதியிருந்தார். எழுத வராதவர்களுக்கு அவரே எழுதினார். மாலைக்குள் தாள் முடிந்துவிட்டது.

எருக்கலம்பிட்டிக்கு ஓகஸ்டில் போனார்கள். நான் போகவில்லை, தங்கை சொன்னதைச் சொல்கிறேன். அங்கே வந்த பெண்கள் படங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாம் யாழ்ப்பாணத்து வீடுகள். எங்கள் ஊர் எங்கே?” என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி. மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஏராளமானோர் படகேறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தவர்கள். அந்தப் படகு எந்தப் படத்திலும் இல்லை. தங்கை அன்று பின்னேரம் அங்கேயே பாயில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லப் படகை வரைந்தார். மூட்டைகள், ஒரு தையல் மெஷின், ஒரு கோழிக்கூடு. அதுதான் இருபத்தைந்தாவது படம். அதைக் கட்ட வீட்டுக்காரர் கயிறு கொடுத்தார்.

நீர்கொழும்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். பார்த்திருந்த மண்டபம் கூட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு வீட்டு வரவேற்பறையில் நடத்தினார்கள், பத்தொன்பது பேர் வந்தார்கள். நீங்கள் திகதி குறிக்கும்போது நோன்பு, பெருநாள், பரீட்சை இவற்றோடு தேர்தலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையையும் பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழைக்காலம். மேற்கிலும் தெற்கிலும் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. நான் இதைச் சொன்னேன். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் போக வேண்டும் என்று தங்கை ஒரே பிடியாக நின்றார். அந்தத் திகதியை நான் எப்படி மாற்றச் சொல்வேன்?

மறுநாள் தீபாவளி. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நவம்பர் 14 பொதுத் தேர்தல் என்பதால் மண்டபமும் கிடைக்கவில்லை. சோனகத் தெருவுக்குப் பக்கத்தில், திரும்பி வந்து குடியேறிய ஒரு குடும்பம் தங்கள் முன் விறாந்தையைத் தந்தது. லுஹருக்குப் பிறகு மழை தொடங்கியது. தறப்பாள் ஒரு பக்கம் சரிந்து, மூன்று படங்கள் நனைந்து போயின. கண்ணாடி போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, வாய் திறக்கவில்லை. நனைந்ததில் கிணற்றடியும் ஒன்று.

மழைக்கு ஒதுங்கியவர்களில் அயலில் உள்ள ஒரு தமிழ் அம்மாவும் இருந்தார். கையில் தீபாவளிச் சாமான் பை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நீலக் கதவின் முன்னால் நின்று, “இந்த வீட்டுப் பிள்ளையோட நான் படிச்சனான். அண்டைக்கு நாங்கள் ஒருத்தரும் வெளியில வரேல்லை” என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்துத் தாளில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினார். அது தங்கையின் பெரியும்மாவின் பெயர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். படங்களை அவர் விற்கவில்லை. ஆனால் ஆறு படங்களைத் தபாலட்டையாக அச்சிட்டு, ஒன்று நூறு ரூபாவாக 140 அட்டைகள் விற்றார். நீர்கொழும்பில் வெறுங்கையாகிவிட்ட பிறகு யாழ்ப்பாணப் பயணச் செலவு அதில்தான் போயிற்று. இடத்துக்கு எங்கும் வாடகை இல்லை. அதிகம் செலவானது பஸ், வான் கூலிக்கு. அதற்கு அடுத்தது, நீங்கள் சிரிப்பீர்கள், தேத்தண்ணீருக்கும் பிஸ்கட்டுக்கும். எல்லாம் முடிய மிஞ்சியது 2,340 ரூபா.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் ஒரு நூல் செய்தார். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுக்க, அப்படி எண்பது வீடுகளைக் கொண்ட நூல் அது. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரை அதற்கு வைத்தார். இந்தப் பயணம் முடிந்த பிறகுதான் தங்கை அதைப் பார்த்தார். புத்தகம் என்றால் ஒரு கண்காட்சியைக் கைப்பையில் கொண்டு போகலாமே என்று யோசித்தவர், நாலு ஊர்களிலும் சேர்ந்த பென்சில் தாள்களையெல்லாம் போட்டோக்கொப்பி எடுத்து, நாலு கொப்பிகளாகக் கட்டி, ஊருக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார். மிஞ்சிய 2,340 ரூபாவும் அதோடு சரி.

நனைந்த மூன்று படங்களையும் இப்போது மறுபடி வரைகிறார். கிணறு இடப்பக்கம் வந்துவிட்டது.

கேள்வி கேட்ட மூன்று சகோதரிகளும் தங்கள் ஊரையும், என்ன வரைகிறார்கள் என்பதையும் எழுதி அனுப்பினால், தங்கையின் பெட்டி அளவுகளையும் இடம் கேட்டு அவர் எழுதிய கடிதத்தின் பிரதியையும் தபாலில் சேர்ப்பேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.