முதுகு வலியும் வைத்தியர் வாசலும்

நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் நிரந்தரத் தொழிலாளி ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், எங்கே போவது என்ற குழப்பம் அவருக்கு இல்லை. அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. நாலு நாள் விடுப்பு எடுத்தாலும் அடுப்பு அணைந்துவிடாது. நகரியத்தைத் தாண்டி முத்தாண்டிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் பக்கம் முந்திரியும் மணிலாவும் நெல்லும் பயிரிடும் சிறு விவசாயிக்கு அதே வலி வந்தால் கதை வேறு. முதலில் தைலம், பிறகு சுளுக்கு எடுப்பவர், அடுத்து மருந்துக் கடை மாத்திரை, அதன் பிறகு ஓர் ஊசி. அரசு மருத்துவமனை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

வலி இருவருக்கும் ஒன்றுதான். யாரிடம் போவது, எப்போது போவது என்பதை வலி மட்டும் தீர்மானிப்பதில்லை. கூலி, தூரம், பருவம், பழக்கம் ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

தடுப்பவை எவை?

முதல் தடை, நேரம். மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில். நடவு, களையெடுப்பு வேலையும் காலையில்தான். சீட்டு வாங்கி, காத்திருந்து, மருந்துடன் வீடு திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. வைத்தியம் இலவசம், ஆனால் அந்த ஒரு நாள் இலவசமல்ல.

இரண்டாவது, பருவம். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை பொறுக்க நாள் முழுவதும் குனிய வேண்டும். சம்பா நடவும் அப்படியே. வலி அதிகமாவதும் அப்போதுதான். வேலையை விட முடியாததும் அப்போதுதான்.

மூன்றாவது, மனம். "குனிந்து வேலை செய்தால் வலிக்கத்தானே செய்யும்" என்று பெண்கள் வலியை நோயாகவே கணக்கிடுவதில்லை. மாடு நொண்டினால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் குடும்பம், வீட்டுப் பெண்ணின் முதுகுக்கு மட்டும் அறுப்பு முடியட்டும் என்று தவணை சொல்கிறது.

இரு பக்கமும் தவறு

முதுகு வலி என்றதும் பெரிய வைத்தியத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதும் உண்மை. திடீரென்று வரும் வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். நாள் கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதல்ல. இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. ஸ்கேன் படத்தில் தெரியும் சவ்வுத் தேய்மானம், வலியே இல்லாதவர்களிடமும் வயதுக்கேற்பக் காணப்படுவதுதான். ஆட்டை விற்று ஸ்கேன் எடுக்குமுன், அது தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அதற்காக, மருந்துக் கடை மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்குவது ஆபத்து. வலி மாத்திரைகளில் பல வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் உழைப்பவருக்கு இந்தக் கேடு அதிகம்.

காத்திருக்கக் கூடாத வேளையும் உண்டு. காலில் பலம் குறைதல், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் அல்லது மலஜலம் அடங்காமை ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால் நிரந்தரமாக முடங்கிப்போகலாம். வலியோடு காய்ச்சல், உடல் மெலிவு இருந்தாலும், முன்பு காசநோயோ புற்றுநோயோ இருந்திருந்தாலும், முதியவர் கீழே விழுந்தபின் வலி வந்தாலும் சுளுக்கு எடுக்கக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2020-ல் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதியுற்றனர். இத்தனை பேருக்கு வரும் நோய்க்கு, எளிய உடற்பயிற்சியும் நல்ல யோசனையும் ஊர் அருகிலேயே கிடைக்க வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பணி. கிராமத்துக்கு வரும் செவிலியரிடம் விவசாயிகள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். நடவுக் காலத்திலும் முந்திரிக் காலத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு மாலையாவது முதுகு வலிக்காரர்களைப் பார்க்க ஏற்பாடு செய்தால், கூலியை இழக்காமல் வைத்தியம் பெறலாம்.

நோய் வருமுன் காப்பதில் வேளாண்மைத் துறைக்கும் பொறுப்பு உண்டு. வரிசை நடவு செய்த வயலில் கோனோ களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். டிரம் விதைப்புக் கருவியால் விதைத்தால் நடவுக் குனிவே இல்லை. மணிலாக் காட்டுக்கு நீண்ட காம்புள்ள களைக்கொத்து இருக்கிறது. கருவி வழங்கும்போது ஆள் கூலி எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கணக்குக் காட்டுகிறோம். எத்தனை முதுகு மிச்சம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையை ஒருவராகத் தூக்காமல் இருவராகத் தூக்குவதற்கோ காசு செலவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளியின் முதுகுக்குக் காப்பு இருப்பது நல்லதே. அது உழைப்பாளியின் உரிமை. சோறு போடும் முதுகுக்கும் அதே உரிமை உண்டு. வைத்தியர் வாசல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டும் நேரத்தில் திறந்தும் இருக்க வேண்டும்.