ஓட்டுநரையும் கேளுங்கள்

நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தால் லாரிகளின் அணிவகுப்புத்தான். 1948இல் தொடங்கிய அசோக் லேலண்டு இன்று லாரியை விற்பதோடு நின்றுவிடவில்லை. ‘ஐ-அலர்ட்’ என்னும் சேவையின் வழியே வண்டி நிற்குமிடம், ஓடும் வேகம், பழுது பற்றிய எச்சரிக்கை ஆகியவை முதலாளியின் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. நன்று! ஆயின், வாடிக்கையாளரோடு கூடியே இத்தகைய சேவைகளை உருவாக்க வேண்டும் என்கிறார்களே, யார் அந்த வாடிக்கையாளர்? பணம் கொடுத்தவர் மட்டுந்தானா? இரவெல்லாம் விழித்து ஓட்டுபவர் யாராம்?

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. (ஏட்டில் இருந்ததென்பதை எந்தச் சாலையோரத் தேநீர்க் கடையிலும் கேட்டறியலாம்.) வேகத்தை அளக்கும் கருவிக்கு மணியைக் கணக்கிடுவதா கடினம்? எட்டு மணி கடந்ததும் அது முதலாளியை எச்சரிக்கட்டுமே! ஓட்டுநரை அழைத்துக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்.