உள்ளரங்கில் வாலிபால் படம்

கோயமுத்தூர்க் கல்லூரி உள்ளரங்குகளில் வாலிபால் ஆட்டத்தைப் போட்டோ எடுக்கும் அன்பர்கள், ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் அமைவதைக் கண்டிருப்பார்கள். காமிராவின் மேல் பழி போடவேண்டாம். நமது மின்சாரம் ஸெகண்டுக்கு 50 சுற்றுக்கள் உடையது. ஆகவே குழல் விளக்குகள் பல, ஸெகண்டுக்கு 100 தடவை மங்கித் துலங்குகின்றன. நம் கண் அறியாத இதை ஷட்டர் அறிந்துகொள்கிறது.

ஷட்டரை 1/100 ஸெகண்டுக்குத் தளர்த்தினால் ஒளி சமமாகும். ஆனால் பந்தடிக்கும் கை கலங்கிவிடும். 1/500 ஸெகண்டாவது வேண்டும். லென்ஸை முழுதும் திறந்து, ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தி, தொடர்ந்து நாலைந்து படங்கள் எடுங்கள், ஒன்றாவது துலங்கும். மணல்போல் புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும்.

பிளாஷ் விளக்கை மட்டும் நாடாதீர்கள். வலையருகே எம்பிய பெண்ணின் கண் ஒரு கணம் கூசினாலும் காலடி தவறலாம். படம் நாளையும் கிடைக்கும். முறிந்த கால் எளிதில் கூடுமா?