பீலிக்கரையில் இடி முழங்கும்போது

இடி மின்னல் வேளையில் குளிக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே விடை. இதில் விவாதத்துக்கு இடமில்லை. கட்டடம் ஒன்றின் மீது விழும் மின்னல், நிலத்துக்கு இறங்க எந்த வழி கிடைத்தாலும் அதைப் பற்றிக்கொள்ளும். மின்கம்பி, இரும்புக் குழாய், குழாய்க்குள் ஓடும் நீர் எல்லாம் அதற்கு வழிதான். நனைந்த தோலோ மின்னைத் தடுக்கும் ஆற்றலை வெகுவாக இழந்துவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயில் ஆபத்துக் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அவ்வேளையில் பாத்திரம் கழுவுவதைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது.

என் ஆதங்கம் வேறு. இந்த அறிவுரை யாரை மனத்திற்கொண்டு சொல்லப்படுகிறது? கதவும் கூரையும் உள்ள குளியலறை வைத்திருப்பவரை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் இன்னும் எத்தனையோ பேருக்குக் குளியலறை என்பது திறந்த வெளியில் உள்ள பீலியோ பொதுக்குழாயோதான். குறுக்குக்கட்டுடன், வெறுங்காலில், ஈரக் கல்லின்மேல் நின்று குளிக்கும் பெண்ணுக்குக் குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்ற ஆராய்ச்சியால் என்ன பயன்? மின்னலில் அடிபடுவோரில் நேரடியாகத் தாக்கப்படுபவர் மிகச் சிலரே. அருகிலுள்ள மரத்திலோ மண்ணிலோ விழுந்து, நிலத்தின் வழியே பரவும் மின்னோட்டமே பெரும்பாலானோரைத் தாக்குகிறது.

நேரத்தையும் பாருங்கள். மலையகத்தில் இடி அதிகம் முழங்குவது தென்மேற்குப் பருவமழையின்போது அல்ல. இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான். அப்போது வானிலை அறிக்கையில் “பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்” என்றொரு தொடர் தவறாமல் வரும். எத்தனை முறை அதை அச்சுக்கு அனுப்பியிருப்பேனோ! கொழுந்துக் கூடை நிறைவதும், நிறுவை முடிவதும், உடம்பெல்லாம் சேறும் அட்டைக் கடியுமாய்ப் பெண்கள் பீலிக்கு இறங்குவதும் அதே பிற்பகலில்தான். அவர்கள் வேறு எந்நேரத்தில் குளிப்பது?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கை, தவிர்க்க வேண்டிய திறந்த வெளிகளில் வயல்களோடு தேயிலைத் தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. சரியான எச்சரிக்கை. ஆனால் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே குளித்துத் தூங்கும் ஒருத்தி அதை எவ்வாறு தவிர்ப்பாள் என்பதை யாரும் சொல்வதில்லை.

இடி இடித்தால் நம் பெரியவர்கள் அர்ச்சுனன் பெயரைச் சொல்லி, முற்றத்தில் ஓர் இரும்பை எறிவார்கள். அதில் விஞ்ஞானம் இல்லை. ஆனாலும் கையோடு பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்களே, அந்த மட்டில் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

செய்யக்கூடியது என்ன? மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே மலையை விட்டு இறங்க வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை மலைக்கும் போகக்கூடாது, பீலிக்கும் போகக்கூடாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கங்காணிக்கு எண்ணத் தெரிந்தால் போதும். ஒதுங்கும் இடம் மரத்தடியாக மட்டும் இருக்கக்கூடாது.

சிக்கல் அங்கே இல்லை, அந்த 30 நிமிடத்தில் இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டத்தில் எந்தப் பெண் இடிக்குப் பயந்து இறங்குவாள்? மழைக்கு முன் இன்னும் ஒரு கிலோ என்றுதான் கை ஓடும். சம்பளப் பேச்சுவார்த்தைகள் பலவற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். மின்னல் நேரத்துக்குக் கூலி என்ற பேச்சு அங்கே எழுந்து நான் கேட்டதில்லை.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு வந்தால் குளியலறையும் வரும். குளியலறையைப் பற்றிய எச்சரிக்கையும் அப்போதுதான் அங்கே பொருள்படும். ஆனால் பாறை நிறைந்த மலைச்சரிவில் நிலத்தொடுப்புக் கம்பியைப் பெயருக்கு இரண்டடி இறக்கிவிட்டுப் போனால் அது வேலை செய்யாது. வீட்டின் சாவியை வாங்குமுன் அந்தக் கம்பி எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள்.

வேலையை விடியுமுன் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிக்கலாமே என்று நண்பரொருவர் சொன்னார். இருட்டில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்துவிட்டுப் பிரட்டுக்குப் போகிறவள் இன்னும் எத்தனை மணிக்கு எழுவது? அதைவிட அந்த அரைமணி நேரத்தின் கிலோவைத் தோட்ட நிர்வாகமே தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.