வெற்றி வியூகமும் வாக்காளரின் மனச்சான்றும்

தேர்தல் என்றதும் தலைவர்களும், வேட்பாளர்களும், இரவெல்லாம் விழித்துச் சுவரெழுத்து எழுதிய தொண்டர்களுமே முன்பு நம் நினைவுக்கு வந்தார்கள். இன்று இவர்களுக்கெல்லாம் முன்னால் இன்னொருவர் நிற்கிறார். அவர் எந்தக் கட்சிக்கும் சொந்தமானவர் அல்லர். ஆனால் எந்தக் கட்சிக்கும் பணியாற்றக்கூடியவர். அவரே தேர்தல் வியூக வகுப்பாளர்.

பீகாரைச் சேர்ந்த பிரசாந்த் கிஷோர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து வந்த இவர், 2014-இல் நரேந்திர மோடியின் பரப்புரைக்குத் துணைநின்றார். மறு ஆண்டே பா.ஜ.க.வை எதிர்த்து நின்ற நிதிஷ்குமார், லாலு கூட்டணிக்காக உழைத்தார். 2021-இல் இவருடைய ஐபேக் குழு மேற்கு வங்கத்தில் மம்தாவுக்கும், தமிழகத்தில் தி.மு.க.வுக்கும் வியூகம் வகுத்தது. சுனில் கனுகோலு என்பவரோ 2016 தேர்தலையொட்டி தி.மு.க.வுக்கும், 2021-இல் அ.தி.மு.க.வுக்கும், 2023-இல் கர்நாடகக் காங்கிரசுக்கும் பணியாற்றினார். கர்நாடக வெற்றிக்குப்பின் அமைச்சருக்கு இணையான தகுதியுடன் முதல்வர் சித்தராமையாவின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். மக்கள் யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவர்களால் நன்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்கிறார்கள். குடிநீர், சாலை, முதியோர் உதவித்தொகை போன்ற எளிய மக்களின் தேவைகள் இவர்கள் வழியாகத் தலைமையின் காதுக்கு எட்டுகின்றன. படித்த இளைஞர்கள் பலரும் இதனால் அரசியலை நெருங்கி வந்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. தேர்தல் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிகிறது. குழு அடுத்த மாநிலத்திற்குச் சென்றுவிடுகிறது. கொடுத்த வாக்குறுதிக்கு யார் பொறுப்பு? கட்சியின் கிளைச் செயலாளர் நம் தெருவிலேயே வாழ்பவர். அவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். வியூகம் வகுத்தவரை எங்கே தேடுவது? மேலும், வேட்பாளரின் செலவுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்துள்ளது. கட்சியின் செலவுக்கு அத்தகைய வரம்பு இல்லை. எனவே பணமுள்ள கட்சியே சிறந்த வியூகத்தை வாங்க முடிகிறது. ஏழைகளின் குரலாக எழும் சிறிய இயக்கங்கள் பின்தங்கிப் போகின்றன.

வியூகம் மட்டுமே வெற்றி தருமா? 2017-இல் உத்தரப்பிரதேசத்தில் கிஷோர் துணைநின்ற காங்கிரஸ் பெற்றது 7 இடங்கள் மட்டுமே. பின்னர் அவரே ஜன் சுராஜ் கட்சியைத் தொடங்கினார். பீகாரில் நெடும் பாதயாத்திரை சென்று மக்களைச் சந்தித்த பிறகும், 2025 சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. நம்பிக்கையை ஒரு தேர்தலுக்குள் உருவாக்கிவிட முடியாது. அது ஆண்டுக்கணக்கில் மக்களோடு வாழ்ந்து பெறப்படுவது என்பதையே இது காட்டுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2020-இல் வெளியிட்ட 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில் ஓர் இயல் முழுவதையும் நல்ல அரசியலுக்காக ஒதுக்கினார். நீண்டகாலத் திட்டங்களை விவாதிக்க வேண்டிய அரசியல், விளம்பர உத்தியாகச் சுருங்கிப்போவதை அதில் அவர் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். வியூகத்தின் கணக்கில் வாக்காளர் ஓர் எண், ஒரு சாதி, ஒரு வயதுப் பிரிவு. கடவுளின் பார்வையிலோ ஒவ்வொருவரும் அவரது சாயலில் படைக்கப்பட்ட மாண்புமிக்க மனிதர்.

ஆகவே, தேர்தல் காலத்தில் கவர்ச்சியான பாடலும் முழக்கமும் நம் வாசலுக்கு வரும்போது சற்று நிதானிப்போம். இவ்வாக்குறுதியை நிறைவேற்ற நிதி எங்கிருந்து வரும்? கடந்த முறை சொன்னது என்னவாயிற்று? இந்த வேட்பாளர் தோற்றாலும் நம் ஊரில் இருப்பாரா? இக்கேள்விகளை நமது அன்பியக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசுவோம். வியூகம் வகுப்பது அவர்களது தொழிலாக இருக்கலாம். சிந்தித்து வாக்களிப்பது நமது கடமை.